ஓடு

பலகையில் எண் இல்லை.
'செ.மீ.' மட்டும் எரிகிறது,
மாப்பிள்ளை வராத மேடைக்கு
மாலை மட்டும் வந்து சேர்ந்தாற்போல.

ரோஹுக்யூலா துறை. பிப்ரவரி, காலை ஏழு.
எஸ்தோனியக் கடலுக்கு ஓடு பிடித்துவிட்டது.
ஹீயுமா தீவு வரைக்கும்
இருபத்தைந்து கிலோமீட்டர் வெள்ளை ஓடு,
அதன்மேல் சாலை.
வரிசையில் பதினொரு கார்கள்.
நான்காவதில் வைகே, பின்னிருக்கையில்
கட்டுப்போட்ட காலோடு அவளுடைய செம்மறிக் கிடா.
பனிமேல் போகிறவர்கள் சீட் பெல்ட் போடக்கூடாது.
உடைந்தால் உடனே வெளியேற வேண்டுமல்லவா.

எந்தெல் இருட்டிலேயே போய்த் துளையிட்டு அளந்தது
இருபத்துமூன்று.
வயர்லெஸ்ஸிலும் சொன்னான், இரண்டு தடவை.
துறைக்காவலருக்குத் தெரியும்.
காப்பி விற்கிறவனுக்குத் தெரியும்.
கிடாவுக்கும் தெரிந்திருக்கலாம்.
பலகைக்குத் தெரியாது.
கையால் எண் போடக்கூடாதென்று
போன பருவத்திலிருந்து விதி.

அய்கி கறுப்புத் திரையைத் திறக்கிறாள்.

ஷெல் என்றால் ஓடு.
ஓடு என்றால் ஓடுகிறது.
ஓட்டுக்குள் இன்னோர் ஓடு பிறக்கும்;
தாய் பெயர்சொல்லிக் கொடுத்தது மட்டும் அதன் சீர்.
பிள்ளை கடல்வரை போய்
துளையிடம் எண்ணைக் கேட்டு வாங்கி
'கனம்' என்று தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு
வேலை முடித்து
அந்த இடத்திலேயே செத்துப்போகிறது.
உள்ளங்கையும் கூடவே போகிறது.
தாய் 'கனம்?' என்று கேட்கிறது.
இல்லை என்றுகூட யாரும் சொல்வதில்லை.
பிழைச்செய்தி ஒன்று வந்திருந்தாலாவது
அழுதுவிட்டுப் போயிருக்கலாம்.

முதலில் 'ஏற்றுமதி' என்றொரு சொல்லைச் சேர்த்தாள்.
பலிக்கவில்லை. அந்தச் சரக்கு கீழ்நோக்கித்தான் போகும்,
பேரப்பிள்ளைகளுக்கு.

அப்புறம், சாகும்போது பிள்ளை விட்டுப்போகும்
கடைசி எண்ணில் ஏற்றி அனுப்பினாள்.
இருநூற்றைம்பத்தைந்து வரை இடமுண்டு,
இருபத்துமூன்று என்ன பெரிது?
வந்தது. வந்ததும் தாய் அலறிவிட்டது:
தோல்வி, இருபத்துமூன்றாம் வகை.
அந்த உலகில் சுழியம் ஒன்றுதான் நலம்.
பனி இறுக இறுகப் பெருந்தோல்வி.
கடல் முழுக்க உருகி
ஒருவரும் கால்வைக்க முடியாத நாளில்
'எல்லாம் நலம்' என்று அது ஓய்ந்து கிடக்கும்.
அய்கிக்குச் சிரிப்பு வந்தது.
வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள்.

ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைக்கச் சொல்லலாம்தான்.
ஆனால் நேற்றைய தாளும் அங்கேயே கிடக்கும்;
நேற்றைய பனிமேல் இன்றைக்குக் கார்களை அனுப்ப
அவளுக்கு மனமில்லை.

எனக்குத் தெரிந்த எழுத்தில்
மெய்யின் தலையில் புள்ளி வைத்தால்
அங்கே உயிர் இல்லை என்று பொருள்.
அவள் வைத்தது வேறு புள்ளி:
பிள்ளையின் பெயருக்கு முன்னால், தரையோடு தரையாக,
பக்கத்தில் சிறிது இடம் விட்டு.
இனி அது தனியே பிறக்காது.
தாயின் உயிரிலேயே ஓடும்.
எழுதுகிற உள்ளங்கை தாயின் உள்ளங்கை.

அழுத்தினாள்.
பலகை முழுக்க அணைந்தது. 'செ.மீ.' கூட இல்லை.

முந்தைய முயற்சியின் 'வெளியேறு'
பிள்ளையின் கடைசி வரியில் அப்படியே கிடந்திருக்கிறது.
ஒரே உயிர் என்றான பின்
ஒன்று வெளியேறினால் வீடே காலி.
அந்த வரியை அழித்தாள்.
மறுபடி அழுத்துமுன்
விரல்களைக் கோட்டுக்குள் விட்டுச் சூடேற்றிக்கொண்டாள்.

7.38.
23 செ.மீ.

வரிசை நெடுகிலும் பெல்ட்டுகள் கழலும் ஓசை.

முதல் கார், நெடிய இடைவெளி, இரண்டாவது.
வைகே கிளம்புகிறாள், கிடாவோடு.
இந்த 'ஓடு' தனியே நிற்காது,
ஒரு பெயரின் பின்னால் ஒட்டிக்கொண்டுதான் வரும்.
துளைக்குப் பக்கத்தில் எந்தெல்
கையுறையை உயர்த்துகிறான்.
காருக்குக் கீழே இருபத்துமூன்று சென்டிமீட்டர்
முனகுகிறது.
தாங்குகிறது.